நிற்க மறுக்கும் கணினியும் 'ஃபோர்மட்' வைத்தியமும்

வீட்டுக் கணினியை நிறுத்தும்படி பணித்த பின்னரும் அது நிற்காமல் இழுத்தடிப்பதும், திரை இருண்ட பின்னரும் உள்ளே விசிறி சுழன்றுகொண்டே இருப்பதும் பல வீடுகளில் காணும் காட்சிதான். எங்கள் மானிப்பாய்ப் பக்கத்தில் இதற்கு இரண்டு வைத்தியங்களே வழக்கில் உள்ளன. ஒன்று, சுவரிலுள்ள சுவிச்சை அணைத்துவிடுவது. மற்றது, கணினியைக் கடைக்குத் தூக்கிச் சென்று 'ஃபோர்மட்' அடித்துக்கொண்டு வருவது. முதலாவது பொறுமையின்மையால் நேர்வது. இரண்டாவது பணம் கொடுத்துச் செய்விப்பது. இரண்டிலும் கூடிய கேட்டை விளைவிப்பது இரண்டாவதே என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கணினி இப்படித்தான் நிற்க மறுத்தது. "மாஸ்ரர், விண்டோஸ் பழுதாப் போச்சு. ஃபோர்மட் அடிச்சாத்தான் சரிவரும்" என்றார் கடையிலிருந்த இளைஞர். "சரி தம்பி, செய்யும்" என்றார் இவர். டி டிரைவில் இருந்தவை தப்பின. ஆனால், காலஞ்சென்ற மனைவியின் படங்களை மாஸ்ரர் வைத்திருந்ததோ திரையின் முகப்பில், அதாவது டெஸ்க்டொப்பில். அது சி டிரைவைச் சேர்ந்தது என்பதை அவரும் அறியார். கேட்கவேண்டிய இளைஞரும் கேட்கவில்லை. கணினி இப்போது ஒழுங்காக நிற்கிறது. படங்கள் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனங்கள் கையில் எடுத்துச் சென்றது ஒரு பையளவு கடதாசிகளைத்தான். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம் என்று அதிலும் பலவற்றை இழந்தவர்கள் நாங்கள். எஞ்சியவற்றை ஸ்கேன் செய்து கணினியில் போட்டுவிட்டோம். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை அனுப்பும் பேரப்பிள்ளையின் படமும் அங்கேதான் கிடக்கிறது. அந்தப் பெட்டகத்தைத் துடைத்தெடுக்கும் முடிவை இவ்வளவு எளிதாக எடுக்கலாமா?

நிற்க மறுப்பது கணினிக்குப் புதிய நோயன்று. விண்டோஸ் 95 காலத்துப் பல கணினிகள் தாமாக அணைவதே இல்லை. இனி அணைக்கலாம் என்று செம்மஞ்சள் எழுத்தில் அறிவித்துவிட்டுக் காத்திருக்கும், நாம்தான் சுவிச்சைத் தட்டவேண்டும். விண்டோஸ் 98 இல் இந்தக் கோளாறு பெருகி, 1999 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்புக்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தனியாக ஒரு திருத்தமே வெளியிட வேண்டியதாயிற்று. விடைபெறும்போது ஒலிக்கும் சிறிய இசைக் கோப்பு பழுதடைந்திருந்தாலும் கணினி நிற்காது என்று அந்நாளில் அவர்களே குறித்திருந்தார்கள். ஒரு மணியோசைக்காக ஒரு கணினி நிற்காமல் போனது! 2001 இல் வந்த எக்ஸ்பியில், பயனரின் அமைப்புகளைச் சேமிக்கும் கட்டத்தில் கணினி உறைந்து நிற்கும். ஏதோ ஒரு மென்பொருள் அக்கோப்பை விடாமல் பிடித்திருப்பதே காரணம். 2015 இல் விண்டோஸ் 10 வந்தபோது, பல மடிக்கணினிகளில் இன்டெல் நிறுவனத்தின் ஒரு டிரைவர் மென்பொருளே குற்றவாளியாக இருந்தது. அதை மாற்றியதும் கோளாறு நீங்கிற்று. இவை எதற்கும் ஃபோர்மட் மருந்தன்று. எங்கோ ஒன்று பிடித்து வைத்திருந்தது, அதை விடுவிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

பழியைக் கடைக்காரர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. 2012 இல் விண்டோஸ் 8 வெளியானபோது, 'ஷட் டவுன்' என்ற சொல்லின் பொருளையே மைக்ரோசொஃப்ட் மாற்றிவிட்டது. விரைவாகத் தொடங்கவேண்டும் என்பதற்காக, நாம் நிறுத்தச் சொல்லும்போது அது முழுமையாக நிற்பதில்லை. நாம் திறந்த மென்பொருள்களை மூடிவிட்டு, இயங்குதளத்தின் கருப்பகுதியை அப்படியே வட்டில் எழுதி உறங்க வைக்கிறது. மறுநாள் அதே கருவைத் தட்டி எழுப்புகிறது. நேற்றைய கோளாறும் கூடவே எழும்புகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுமையாக நின்று புதிதாகத் தொடங்கும். பெயரைப் பார்த்தால் இதற்கு நேர்மாறாக அல்லவா எவரும் நினைப்பார்? இதைப் பயனருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது, வேகத்துக்காக வாய்மையை விற்ற செயல் என்றே சொல்வேன்.

இன்னுமொன்று. திரை இருண்ட பின்னரும் வட்டில் எழுதும் வேலை சற்று நேரம் நடக்கலாம். இங்கே மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்ந்தது. அதன்பின் திரை இருண்ட கணமே சுவர் சுவிச்சை அணைக்கும் பழக்கம் பல வீடுகளில் இறுகிவிட்டது. இடிமின்னல் பயமும் சேர்ந்துகொள்கிறது. அணைப்பதில் தவறில்லை, விசிறி ஓய்ந்து, விளக்கு அணைந்த பிறகு அணைக்கவேண்டும். இன்றைய விண்டோஸின் கோப்பு முறைமை திடீர் மின்வெட்டைத் தாங்கித் தன் கட்டமைப்பைக் காத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் உங்கள் கோப்புக்கு அது உத்தரவாதம் தராது.

அப்படியாயின் என்ன செய்யலாம்? முதலில் திரையை வாசியுங்கள். எந்த மென்பொருள் நிற்கவிடாமல் தடுக்கிறது என்று விண்டோஸே பெரும்பாலும் பெயரைச் சொல்லிவிடுகிறது. நம்மவர்கள் அதை வாசிக்குமுன்பே ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரு காரணம். 1847 இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், எலும்புக்கும் நரம்புக்கும் தமிழில் பெயர் தந்து 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று நூல்கள் வெளியிட்டார். உடலுக்குள் நடப்பதைத் தமிழிலேயே விளக்கலாம் என்று காட்டிய ஊர் இது. கணினிக்குள் நடப்பதை ஒரு முதியவருக்கு அவர் மொழியில் சொல்ல, கடையில் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

பெயர் தெரியாவிட்டால், 'ஷிப்ட்' விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் முழுமையாக நிற்கும். அப்போது ஒழுங்காக நின்றால், விரைவுத் தொடக்க வசதியை மின்சக்தி அமைப்புகளில் நிரந்தரமாக அகற்றிவிடலாம். அதற்கும் நிற்காவிட்டால், அண்மையில் சேர்த்தது எது என்று யோசியுங்கள்: புதிய அச்சுப்பொறியா, இரண்டாவதாகப் போட்ட வைரஸ் தடுப்பானா? யூ.எஸ்.பி.யில் செருகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். 'எம்எஸ்கொன்ஃபிக்' என்ற கருவியில் மைக்ரோசொஃப்ட்டின் சேவைகளை மறைத்துவிட்டு, ஏனையவற்றில் பாதியை நிறுத்திப் பார்த்தால் குற்றவாளி எந்தப் பாதியில் இருக்கிறான் என்பது தெரியும். பிறகு அந்தப் பாதியிலும் பாதி. திரையில் புதுப்பிப்பு நடப்பதாகச் சொன்னால் மட்டும், ஒரு மணித்தியாலம் ஆனாலும் கைவைக்காதீர்கள். மின்பொத்தானை நான்கு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்து நிறுத்துவது கடைசி வழி.

இத்தனைக்குப் பின்னும் கடைக்குத்தான் போகவேண்டும் என்றால், கணினியை மேசையில் வைக்குமுன் டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்ற நான்கையும் வெளிவட்டு ஒன்றில் பிரதி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் அந்த நான்கு பெயர்களையும் ஒரு துண்டில் எழுதிக் கடைக்காரரிடம் கொடுத்து, உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள்.