பெரிய வண்டியா, நிலைக்கும் வண்டியா?

சென்ற மாதம் என் மனைவியின் அண்ணன் நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டத்திலிருந்து பாலக்காட்டுக்கு வந்திருந்தார். இருபது வருஷம் கங்காணி வேலை பார்த்துச் சேர்த்த பணமும், திருப்பூரிலிருந்து அவர் தம்பி அனுப்பிய பணமும் சேர்ந்து ஆறு லட்சம் ரூபாய் இருந்தது. "மாப்பிள்ளை, குடும்பத்துக்கு ஒரு வண்டி வாங்கணும். பெரிசா இருக்கணும், பதினைஞ்சு வருஷம் ஓடணும். நீங்க கூட வரணும்" என்றார். ரயிலில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு மோட்டார் வண்டியும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

இதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இடுக்கி ஜில்லாவில் ரயில் கிடையாது. மூணாற்றில் வெள்ளைக்காரர் காலத்தில் ஓடிய சிறு ரயிலும் 1924 வெள்ளத்தோடு போயிற்று. 2023 ஜூனில் போடிநாயக்கனூருக்கு அகலப் பாதையில் ரயில் வந்துவிட்டது; ஆனால் அது அடிவாரத்தோடு நிற்கிறது. அங்கிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். நள்ளிரவில் லயன் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், தேனி கானாவிலக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வாசலில் ஒரு வண்டி இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆகவே கேள்வி, வண்டி வேண்டுமா என்பதல்ல. எந்த வண்டி என்பதுதான். இப்போது எஸ்.யு.வி. என்ற மூன்றெழுத்தை ஒட்டி எல்லாவற்றையும் விற்கிறார்கள். உயரமாக நிற்பதெல்லாம் மலை வண்டி ஆகிவிடாது. சேஸிஸ் தனியாக, அதன்மேல் பாடி வைத்துக் கட்டிய வண்டி ஒரு வகை. பொலேரோ, ஸ்கார்பியோ, பழைய குவாலிஸ், இன்னோவா கிறிஸ்டா எல்லாம் இந்த வகை. பாடியும் சேஸிஸும் ஒன்றாக அமைந்தது மற்றொரு வகை. நகரத்தில் ஓடும் எஸ்.யு.வி.களில் பெரும்பாலானவை இதில் சேரும். வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் போய்வரும் பாலக்காட்டு அன்பர்களுக்கு இரண்டாவது வகையே போதும்; டீசலும் மிச்சம், உடம்புக்கும் சுகம். தோட்டத்துக் கல் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் இடுக்கிக்காரருக்கும் நெல்லியாம்பதிக்காரருக்கும் முதல் வகைதான் தாங்கும்.

நானும் மச்சானும் இரண்டு வண்டிகள் பார்த்தோம். முதலாவது பளபளவென்று இருந்தது. பெயிண்டு புதிது, சீட்டு புதிது, விலையும் கைக்கு அடக்கம். மச்சானுக்கு மனம் அதிலேயே போய்விட்டது. ஆனால் அதைச் செய்த கம்பெனி இந்தியாவில் இப்போது வண்டி விற்பதில்லை. இப்படி இரண்டு பெரிய கம்பெனிகள் நம் கண்ணெதிரிலேயே போயின. டவேரா விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் வண்டி செய்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவர்கள் செய்த வண்டி மட்டம் என்று நான் சொல்லவில்லை. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று ஃபோர்டு அறிவிக்கவும் செய்தது. ஆனால் ராத்திரி பூப்பாறையில் வண்டி நின்றால் அறிவிப்பைக் காட்டி சாமான் வாங்க முடியாது.

இரண்டாவது, பத்து வருஷம் ஓடிய ஒரு பொலேரோ. பார்வைக்கு ஒன்றுமில்லை. நான் நெடுங்கண்டத்து மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன். "கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் இங்கே கடையிலேயே கிடைக்கும் சார், ஒரு நாளில் இறக்கிவிடலாம்" என்றார். வண்டி நீண்ட நாள் உழைப்பதன் ரகசியம் இதுதான். மஹிந்திரா கம்பெனி 1947 முதல் ஜீப்பைப் பூட்டி விற்று வந்தது. பொலேரோ 2000இல் வந்தது. இத்தனை காலம் ஓடியதனால் மலையில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் பல உண்டு. 2005இல் நின்றுபோன குவாலிஸ் இன்றும் ஓடுவதற்கும் இதுவே காரணம். அந்தக் கம்பெனியும் இருக்கிறது, கைவேலைக்காரரும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் வேறு வண்டிக்கு இந்த வசதி இருந்தால் அதையே வாங்குங்கள். பெயர் முக்கியமல்ல.

புதிது வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிக்கும் 1500 சி.சி. வரையிலான டீசல் வண்டிக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்ட பெரிய எஸ்.யு.வி.க்கு 40 சதவீதம். ஆகவே ஒரு சாண் நீளத்துக்காக நாம் கட்டும் வரி கொஞ்சமல்ல. இரண்டாவது, 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி எரியும். லயன் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓட்டினால் ஃபில்டர் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

பழைய வண்டியில் இன்ஜினைவிடக் காகிதத்தைப் பார்ப்பது முக்கியம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் நண்பர்கள் மூவர் சேர்ந்து கோவையில் ஒரு வண்டி வாங்கினோம். பெயர் மாற்றித் தருவதாகப் புரோக்கர் சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம். முந்தைய சொந்தக்காரர் பெயரிலிருந்த கடன் தீரவில்லை என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வண்டியும் போயிற்று, நட்பும் கொஞ்சம் கசந்தது. தமிழ்நாட்டு வண்டியைக் கேரளத்துக்குக் கொண்டு வருவோர் அங்கிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று, அதாவது 28ஆம் நம்பர் படிவம், வாங்க வேண்டும். கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கு 35ஆம் நம்பர் படிவம் வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். இங்கே கட்ட வேண்டிய வரியைக் கணக்கிட்டுப் பார்த்தால், கோவையில் மலிவாகத் தோன்றிய வண்டி பல சமயம் மலிவாக இராது. 15 வருஷம் முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக ஏறியது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். பொலேரோவைப் பேசி முடித்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மச்சான் சொன்னார்: "சீசன்ல காலையில ஆளேத்தினா டீசல் காசு வந்துரும் மாப்பிள்ளை. பதினாலு பேர் தாராளமா உட்காரலாம்." நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அது ஏழு பேர் வண்டி.

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் கண்ணோத்துமலை அருகே தேயிலை பறித்து வீடு திரும்பிய பெண்கள் சென்ற ஜீப் பள்ளத்தில் விழுந்தது. ஒன்பது பெண்கள் இறந்தார்கள். அதன் காரணத்தை நான் இங்கே விசாரிக்கவில்லை. ஆனால் தேனியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கும் யாரும் அந்தச் செய்தியை அயலார் செய்தியாகப் படித்திருக்க முடியாது. ஏழு பேருக்குச் செய்த பிரேக்கு பதினான்கு பேரோடு இறக்கத்தில் சூடேறினால் என்ன செய்யும்? ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது பாரம் அளவோடு இருக்கும்போதுதான் பலிக்கும்.

சட்டமும் நம் பக்கம் இராது. சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆளேற்ற பெர்மிட் கிடையாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் கேட்கும். குடும்பத்தார் மட்டும் போனாலும்கூட, 'தேர்டு பார்ட்டி' என்ற குறைந்தபட்ச பாலிசி காருக்குள் இருப்பவர்களுக்குப் பொறுப்பேற்காது. முழு பாலிசி எடுத்திருந்தால்தான் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்பதை 2012இல் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கியது. நம்மில் எத்தனை பேர் இரண்டாயிரம் மூவாயிரம் மிச்சப்படுத்தக் குறைந்த பாலிசியோடு குழந்தை குட்டிகளை ஏற்றிக்கொண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிறோம்!

மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஆளுங்க எப்படித்தான் வேலைக்குப் போறது, மாப்பிள்ளை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டத்துக்காரர்களும் இரண்டு மாநில அரசுகளும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. காலையில் மலையேறவும் மாலையில் இறங்கவும் போதிய பஸ் விட்டால் பாதிப் பிரச்னை தீரும். அதுவரை அந்தக் குறையை நம் குடும்ப வண்டியின் தலையில் ஏற்றக்கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

வண்டியை வாங்கியாகிவிட்டது. முழு பாலிசியும் எடுத்தாயிற்று. போன வாரம் மச்சான் போன் செய்தார். ஆறு பேராகக் கம்பத்துக்குப் போய் வந்தார்களாம். ஒரு சீட்டு காலியாக இருந்ததை அவரே சொல்லிச் சிரித்தார். பதினைந்து வருஷம் ஓட வேண்டியது வண்டி மட்டுமல்லவே.