இருநூற்றைம்பது ரூபாய் ஓஸ்

"சார், இந்த வண்டிய இன்னுமா வெச்சிருக்கீங்க?"

மாதத்தில் இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். வண்டி 1998-ல் வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, பழைய கார்புரேட்டர் வண்டி. இந்த மாடல் 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியோடு தயாரிப்பே நின்றுவிட்டது. என்னிடம் இருப்பது இன்னும் ஓடுகிறது.

மகன் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் ஒரே பல்லவிதான். "அப்பா, வித்தா முப்பதாயிரம் தேறாது. அதுக்குப் போய் வருஷா வருஷம் செலவு பண்றீங்களே, கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" முப்பத்திநாலு வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு வந்தவனைப் பார்த்து இந்தக் கேள்வி!

கணக்கு இருக்கிறது. டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ், பெட்ரோல் நீங்கலாகக் கடந்த ஐந்து வருஷத்தில் மொத்தம் 58,000 ரூபாய். பேட்டரி 3,900. கிளட்ச் பிளேட் செட் கூலியோடு 4,600. ரேடியேட்டர் 4,200. ஆக்சில் பூட் இரண்டு பக்கமும் 1,300. அடித்தகடு வெல்டிங் 8,500. மீதி ஆயில், பிரேக், கார்புரேட்டர் கிளீனிங் என்று சில்லறையாகப் போனது, ஒரே ஒரு பெரிய தொகையைத் தவிர. மாதத்துக்குப் பார்த்தால் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. புது வண்டிக்கு மாதத் தவணை இதைப்போலப் பல மடங்கு. ஆக, விற்றால் என்ன கிடைக்கும் என்பதை வைத்து ரிப்பேர் செலவை எடைபோடுவது தப்பான கணக்கு. நமக்கு வேண்டியது, வண்டி என்று ஒன்று வாசலில் நிற்க மாதம் எவ்வளவு ஆகிறது என்பதுதான்.

இதை மகனிடம் சொல்லி ஜெயித்துவிட்டேன். ஆனால் அவன் கணக்கு என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதனால் வந்த வினைதான் நான் சொல்லவந்தது.

போன சித்திரையில் ஆயில் மாற்றப் போயிருந்தேன். மெக்கானிக் தம்பி ரேடியேட்டருக்கு மேலே போகிற ஓஸை விரலால் அமுக்கிப் பார்த்தார். "சார், உப்பிப் போய் மெத்துனு இருக்கு. மாத்திடலாமா? இருநூத்தம்பது ரூபாதான்." அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன். முப்பதாயிரம் தேறாத வண்டிக்கு இன்னும் எவ்வளவு கொட்டுவது என்று மனசு சொன்னது. பணம் இல்லாமல் இல்லை.

ஒரு மாதம் கழித்து, கண்புரை ஆபரேஷன் முடிந்திருந்த என் மனைவியை மறு பரிசோதனைக்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன். ரெட்டிச்சாவடி தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. அங்கேயே ஓரம் கட்டியிருக்க வேண்டும். இதோ ஊர் வந்துவிடும் என்று இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஆவி. ஓஸ் பிளந்து தண்ணீர் மொத்தமும் போயிருந்தது.

நல்ல உச்சி வெயில். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் அவள் நின்றாள். லாரி போகும்போதெல்லாம் புழுதி. "என்னங்க, கண்ணுல தூசி விழுந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குத்தான் ஆனது. சூட்டில் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், லேத்தில் கொடுத்துச் சீவி, திரும்ப மாட்ட 11,700 ரூபாய். டைரியில் இருக்கும் அந்தப் பெரிய தொகை இதுதான். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்று 38,000-க்கு எஸ்டிமேட் போட்டார்கள். நம்ம தம்பி இருக்கிற ஹெட்டிலேயே முடித்துக் கொடுத்தார். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பின்சக்கரத்து வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிகிறது என்று கண்டுபிடித்தது அந்த ஒர்க்‌ஷாப்காரர்கள்தான். தம்பி அதைக் கவனிக்கவில்லை.

நம்மைப்போல ரிட்டையர் ஆனவர்கள் வண்டி பெரும்பாலும் நின்றே கெடுகிறது. வாரத்தில் ஒருநாள் கோயில், ஒருநாள் மார்க்கெட். நின்றால் பேட்டரி இறங்கும், வீல் சிலிண்டர் இறுகும். டயரில் பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் இருக்கிறது, பாருங்கள். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. என் நண்பர் ஒருவர் "டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று பெருமைப்பட்டார். குனிந்து பார்த்தால் வயசு பதினொன்று.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலூர் தண்ணீர் குடத்தையே வெள்ளையாக்குகிறது, ரேடியேட்டரைச் சும்மா விடுமா? கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள். இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியின் பெட்ரோல் ஓஸ், கேஸ்கட் ரப்பரெல்லாம் அதற்காகச் செய்தவை அல்ல. பெட்ரோல் வாடை அடித்தால் உடனே காட்டிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பணத்தால் சரிசெய்ய முடியாததும் உண்டு. 2015 வெள்ளத்தில் சீட்டுவரை தண்ணீர் ஏறிய வண்டி இது. அடித்தகட்டில் துரு ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வருகிறது. ஒட்டு தாங்காது என்று தம்பி சொல்லும் நாள் வந்தால் பேசாமல் சாவியைக் கொடுத்துவிடுவேன். ஏர்பேக் கிடையாது. அதனால் பேரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸ் பக்கம் போவதில்லை. வெளியூருக்கு பஸ், இல்லாவிட்டால் வாடகைக் கார். இந்த விஷயத்தில் மகன் சொல்வதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

பதினைந்து வருஷம் முடிந்த காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2023-ல் கட்டினேன். இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2028. அப்போது அடித்தகட்டையும் பார்த்து, என் கண்பார்வையையும் பார்த்து முடிவு செய்யலாம் என்றிருக்கிறேன்.

இப்போதெல்லாம் கோயிலுக்குக் கிளம்பினால்கூட என் மனைவி உடனே ஏறுவதில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "ஓஸ் பாத்தீங்களா?" நானும் இறங்கிப் போய், பானெட்டைத் திறந்து, அமுக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.