புல்லுக்கு ஓட்டுப் போடத் தெரியாது

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டது கூடக் கிடையாது. 'அப்புறம் உனக்கு எதுக்குடா இந்த வேலை?' என்று கேட்பவர்களுக்கு: இது கோல்ஃப் பற்றிய சண்டையே இல்லை. வேலை தெரிந்தவன் பேச்சு எடுபட வேண்டுமா, காசு கொடுத்தவன் பேச்சா என்கிற பழைய சண்டைதான். அது பளிச்சென்று தெரிகிற இடம் அமெரிக்காவின் தனியார் கோல்ஃப் கிளப்புகள்.

அங்கே மைதானத்தைப் பராமரிக்க ஒரு சூப்பரின்டென்டென்ட் இருப்பார். புல், மண், பூஞ்சை, தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. இதைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகவே படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. 1926-லேயே தங்களுக்கென்று சங்கம் தொடங்கியவர்கள். ஆனால் அவருக்கு மேலே 'கிரீன் கமிட்டி' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். அதில் இருப்பவர்கள் கிளப் உறுப்பினர்கள். வக்கீல், பல் டாக்டர், வீட்டுமனை வியாபாரி என்று யாராகவும் இருக்கலாம். தலைவர் அடிக்கடி மாறுவார். புதுத் தலைவர் வந்தால் புது ஆசையும் வரும்.

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? டிவியிலிருந்து. ஏப்ரல் மாதம் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். மறுநாள் நாடு முழுக்க உறுப்பினர்கள் 'நம்ம கிளப் ஏன் இப்படி இல்லை?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அகஸ்டா கோடைக்காலம் முழுவதும் ஆட்டத்துக்கு மூடியே கிடக்கும் என்பதை யாரும் கேட்பதில்லை. அங்கே கிரீன்களுக்கு அடியில் குழாய் பதித்துக் காற்றையும் ஈரத்தையும் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதையும் கேட்பதில்லை.

அடுத்த ஆசை வேகம். கிரீனில் பந்து எவ்வளவு தூரம் உருள்கிறது என்று அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி உண்டு. 36 அங்குல அலுமினியப் பட்டை, அவ்வளவுதான். 1935-ல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் யோசித்தது. 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி சூப்பரின்டென்டென்ட்களின் கையில் கொடுத்தது. ஒரே மைதானத்தின் 18 கிரீன்களும் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் கொடுத்தார்கள். உறுப்பினர்கள் அதை என்ன செய்தார்கள்? 'பக்கத்து கிளப்பில் 11, நம்மிடம் 10 தானா?' என்று கௌரவப் பிரச்சினை ஆக்கிவிட்டார்கள்!

வேகம் வேண்டும் என்றால் புல்லை ஒட்ட வெட்ட வேண்டும். ஏற்கனவே அதன் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். இன்னும் குறைத்தால் இலைப்பரப்பு குறையும், உணவு தயாரிப்பது குறையும், வேர் குட்டையாகும். கோடை வெயிலில் கருகிவிடும். இது தெரிந்த சூப்பரின்டென்டென்ட் 'வேண்டாம்' என்று சொன்னால் வேலை போகும். 'சரி' என்று சொன்னால் ஆகஸ்டில் புல் போகும், அப்போதும் அவர் வேலைதான் போகும். உத்தரவு போட்ட கமிட்டித் தலைவர் வழக்கம்போல ஆடிக்கொண்டிருப்பார். அதிகாரம் ஒருவரிடம், பழி இன்னொருவரிடம். இதுதான் என் முதல் குற்றச்சாட்டு.

இரண்டாவதுக்கு ஓக்மான்ட் கிளப்பைப் பாருங்கள். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹென்றி ஃபவுன்ஸ் 1903-ல் தொடங்கியது. மரமே அதிகம் இல்லாத வெட்டவெளியாக அமைக்கப்பட்ட மைதானம். 1960களில் 'அழகுபடுத்துகிறோம்' என்று ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். மரம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கிரீனுக்குக் காலை வெயிலும் காற்றோட்டமும் வேண்டும். நிழல் விழுந்தால் ஈரம் காயாது, பூஞ்சை வரும். மர வேர்கள் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் 1990களில் வெட்ட ஆரம்பித்தார்கள். எப்படி? விடியற்காலை இருட்டில், உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால் வெட்டி, தூளைக்கூடக் கூட்டி எடுத்துவிட்டு! விஷயம் வெளியே தெரிந்ததும் பெரிய ரகளை. ஆனாலும் வெட்டுவது நிற்கவில்லை. 2007-ல் அங்கே யு.எஸ். ஓப்பன் நடந்தபோது எல்லாரும் அந்த வெட்டவெளியைத்தான் புகழ்ந்தார்கள்.

இதில் யோசிக்க வேண்டியது என்னவென்றால், நட்டது தப்பு, வெட்டியது சரி. ஆனால் தப்பான முடிவு பட்டப்பகலில் கைதட்டலோடு நடந்தது. சரியான முடிவு திருடன் மாதிரி இருட்டில் நடக்க வேண்டியிருந்தது. ஒரு அமைப்பு கோணலாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

'எங்க காசு, எங்க கிளப், நாங்கதான் முடிவெடுப்போம்' என்பார்கள். நியாயம்தான். பந்தியில் உட்கார்ந்தவர் உப்பு கூட என்று சொல்லலாம், நாளைக்கு வேறு சமையல்காரரை வைக்கலாம். ஆனால் கரண்டியைப் பிடுங்கக் கூடாது.

அதற்காக சூப்பரின்டென்டென்ட் கேள்வி கேட்பாரில்லாத ராஜா என்றும் சொல்லவில்லை. நான் சொல்வது மூன்றே விஷயம்.

1. எவ்வளவு செலவு, எப்படிப்பட்ட மைதானம் என்பதை உறுப்பினர்கள் முடிவு செய்யட்டும். எழுதி வைக்கட்டும். அடுத்த தலைவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி, எல்லாருக்கும் தெரிந்தே ஓட்டெடுத்து எழுதட்டும்.

2. வெட்டும் உயரம், மருந்து, தண்ணீர், மண்ணில் துளை போடும் நாள் இதெல்லாம் சூப்பரின்டென்டென்ட் முடிவு. கமிட்டி கேள்வி கேட்கலாம், உத்தரவு போடக் கூடாது.

3. அவர் சரியாகச் செய்கிறாரா என்று வருடம் ஒருமுறை வெளியாள் வந்து பார்க்கட்டும். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1920-ல் கிரீன் செக்‌ஷன் என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. அதன் நிபுணர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு நேரில் வந்து பார்த்து அறிக்கை தருகிறார்கள். அந்த அறிக்கை கமிட்டி அலமாரியில் தூங்காமல் எல்லா உறுப்பினர் கைக்கும் போகட்டும்.

கமிட்டியில் பத்துக்குப் பத்து ஓட்டு விழுந்தாலும் ஜூலை வெயில் ஒரு டிகிரி குறையாது. புல்லுக்கு ஓட்டுப் போடத் தெரியாது. சாகத்தான் தெரியும்.