பங்கின் உள்ளே என்ன இருக்கிறது?

துறைமுகத்தில் வேலை செய்யும் என் சாச்சா போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். "ஜோன் கீல்ஸ் பங்கு இப்ப இருவது ரூவாச் சொச்சம்தானாம். கொஞ்சம் வாங்கி வைப்பமா மகள்?" நான் உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கிறேன் அல்லவா, அதனால் என்னிடம் கேட்டார்.

ஜோன் கீல்ஸ் நமக்கு அந்நியமான பெயரல்ல. 1870இல் தொடங்கி, 1986 முதல் கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கும் கம்பனி. எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிரீமும் உப்புவெளிக் கடற்கரையிலுள்ள ட்ரிங்கோ புளூ ஹோட்டலும் அதனுடையவை. 2024இல் ஒவ்வொரு பங்கையும் பத்தாகப் பிரித்தார்கள். விலை சாச்சாவின் கைக்கும் எட்டியது அப்படித்தான்.

2025 ஓகஸ்டில், கொழும்பு கொம்பனித்தெருவில் அந்தக் கம்பனி எழுப்பிய பெரிய கட்டடத்தில் கசினோ திறந்தது. பெயர் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ். அதை நடத்துவது மெல்கோ. 20 ஆண்டு உரிமமும் மெல்கோவின் கையில். மெல்கோவின் பங்குகளோ அமெரிக்காவின் நஸ்டாக் சந்தையில் விற்கப்படுகின்றன.

"சூது நடத்துறது மெல்கோ. கீல்ஸ் இடத்தைத்தானே குடுத்திருக்கு?" என்றார் சாச்சா.

"நம்மட முன்கடைய சூதாட ஆருக்கும் வாடகைக்குக் குடுப்பீங்களா சாச்சா?"

சிரித்தார். பதில் வரவில்லை.

2022இல் எரிபொருள் வரிசையில் நின்ற நமக்கு டொலரின் அருமை தெரியும். அங்கே நம் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐஸ்கிரீம் விற்றால் இருவருக்கும் ஏதோ கிடைக்கிறது. ரூலட் சக்கரத்திலோ 37 எண்கள்; ஒற்றை எண்ணில் வென்றவருக்கு 35 மடங்குதான். அந்த இடைவெளிதான் கடைக்காரரின் இலாபம். ஆடுகிறவர் தோற்காமல் அந்த இலாபம் பிறக்காது.

இஸ்லாமிய நிதி நியமங்களை வகுக்கும் அயோஃபி அமைப்பு, கம்பனியின் முதன்மைத் தொழில் ஆகுமானதாகவும் ஆகாத வருமானம் 5 சதவீதத்துக்குள்ளும் இருந்தால் பங்கு வாங்க இடம் தருகிறது. அந்தப் பகுதி இலாபத்தைத் தர்மமாகக் கொடுத்துவிட வேண்டும். கசினோவுக்கு முன்னரே ஹோட்டல்களில் மது இருந்தது, குழுமத்துக்கு வங்கியிலும் பங்கு இருந்தது. அப்போது நாம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

என் கருத்து, வாங்கக் கூடாது. சாச்சா இன்னும் சம்மதிக்கவில்லை. "கணக்கைக் காட்டு" என்கிறார். பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் எங்கள் வீட்டில், இஷாவுக்குப் பிறகு ஓர் ஆண்டறிக்கை விரிந்து கிடக்கிறது. துறைவாரி வருமானப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.