நம்மிடம் படித்தவர்கள் நம்மைத் தோற்கடிக்கட்டும்

 

நீளமான பதிவு இது. "ரிட்டயர்டு ஆகியும் டீச்சர் பீரியட் எடுக்கறத விடல" என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கடைசி வரை படியுங்கள்.

ஒரு ஆசிரியருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய வெற்றி, அவரிடம் படித்த பிள்ளை ஒருநாள் எதிர்ப்பக்கம் நின்று அவரையே ஜெயிப்பது. இது என் கருத்து. மேடையில் பேச நன்றாக இருக்கும், நடக்கும்போது வலிக்கும் என்பீர்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் அதுதான் வெற்றி. இதைச் சொல்ல எனக்குக் கிடைத்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. சிண்டி டிம்ச்சல் என்ற பெண்மணி. கல்லூரிப் பெண்களுக்கு லக்ராஸ் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்.

லக்ராஸா, அது என்ன என்று கேட்பீர்கள். மேரிலாண்டில் இருக்கும் என் தங்கை பேத்தி பள்ளியில் அதை விளையாடுகிறாள். அவள் வீடியோ காலில் மட்டையைக் காட்டி விளக்கிய பிறகுதான் எனக்கே புரிந்தது. நீளமான கோல், அதன் நுனியில் சின்ன வலை. கெட்டியான ரப்பர் பந்தை அந்த வலையில் ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், தோழிக்கு வீச வேண்டும், கடைசியில் கோலுக்குள் அடிக்க வேண்டும். பெண்கள் அணியில் 12 பேர். ஓடும்போது பந்து விழாமல் இருக்க மட்டையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே ஓடுவார்கள். அதற்குப் பெயரே தொட்டில் ஆட்டுவதுதான்!

அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுடைய விளையாட்டு இது. பெண்கள் ஆடும் லக்ராஸ் பிறந்தது மட்டும் ஒரு பள்ளிக்கூடத்தில். ஸ்காட்லாந்தில் செயின்ட் லியோனார்ட்ஸ் என்ற பெண்கள் பள்ளியில் முன்பு தலைமை ஆசிரியையாக இருந்த லூயிசா லம்ஸ்டன், கனடாவில் இந்த ஆட்டத்தைப் பார்த்து வியந்து அதை அந்தப் பள்ளிக்கு அறிமுகப்படுத்தினார்; 1890-இல் அங்கே மாணவிகள் ஆடினார்கள். அதே பள்ளியில் படித்த ரோசபெல் சின்க்ளேர் 1926-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரப் பள்ளி ஒன்றில் இதைத் தொடங்கினார். ஆக, ஒரு டீச்சர் தொடங்கினார், அந்தப் பள்ளியில் படித்தவர் கடல் தாண்டிக் கொண்டுபோனார். இந்த விளையாட்டின் ராசியே அதுதான் போலிருக்கிறது.

இனி டிம்ச்சல் கதைக்கு வருவோம்.

1982-இல் சிகாகோவை அடுத்துள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பெண்கள் அணியைத் தொடங்கி நடத்தினார். பிறகு 1991-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2006 வரை அங்கே இருந்த 16 ஆண்டுகளில் அவருடைய அணி தேசியப் பட்டத்தை 8 முறை வென்றது. 1992-இல் ஒன்று, பிறகு 1995 முதல் 2001 வரை தொடர்ந்து ஏழு. இந்த விளையாட்டில் கல்லூரிகளின் முதல் டிவிஷனில் 500 வெற்றிகளைத் தாண்டிய முதல் பெண்கள் அணிப் பயிற்சியாளரும் அவர்தான்.

ஏழு ஆண்டு தொடர் வெற்றி என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கல்லூரியில் ஒரு பெண் ஆடுவது நான்கு ஆண்டுதான். ஒவ்வொரு ஆண்டும் நன்றாகத் தேறிய பிள்ளைகள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றும் தெரியாத புதுப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். 1995-இல் கோப்பையைத் தூக்கிய பிள்ளைகளில் ஒருவர்கூட 2001 அணியில் இல்லை. அணி முழுவதும் மாறிவிட்டது, சொல்லிக்கொடுத்தவர் மட்டும் மாறவில்லை. ஜூன் மாதம் வந்தால் மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கும் நம் ஆசிரியர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

இவ்வளவு ஜெயித்தவர் என்ன செய்தார் தெரியுமா? 2006-இல் மேரிலாண்டை விட்டுவிட்டு, அனாபொலிஸில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரிக்குப் போனார். அதுவரை அங்கே பெண்கள் லக்ராஸ் வெறும் கிளப்பாகத்தான் இருந்தது. 2008-இல்தான் முதல் டிவிஷனில் ஆடத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரியில் சேரும் பெண் ராணுவ ஒழுங்கோடு படிக்க வேண்டும், படித்து முடித்ததும் குறைந்தது ஐந்து ஆண்டு அதிகாரியாகப் பணியாற்ற வேண்டும். 'விளையாட்டு மட்டும் போதும்' என்று நினைக்கிற பிள்ளை அந்தப் பக்கமே போகாது. எட்டுக் கோப்பை வாங்கியவர் ஒன்றுமில்லாத இடத்தில் போய் மறுபடி அனா ஆவன்னா எழுத ஆரம்பித்தார்.

சரி, அவர் மாணவிகள் என்ன ஆனார்கள்? எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

கெல்லி அமான்ட்டே ஹில்லர் என்பவர் 1995, 1996 மேரிலாண்ட் அணிகளில் ஆடிப் பட்டம் வென்றவர். டிம்ச்சல் ஒரு காலத்தில் வளர்த்த நார்த்வெஸ்டர்ன் அணி, அவர் போன சில ஆண்டுகளில் கிளப் நிலைக்கு இறக்கப்பட்டது. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க அழைக்கப்பட்டவர் இந்தக் கெல்லி. ஆசிரியை விட்டுப்போன தோட்டத்துக்கு மாணவி வந்து தண்ணீர் ஊற்றினார். ஆட ஆள் போதவில்லை. லக்ராஸ் மட்டையைத் தொட்டே பார்த்திராத இரட்டைச் சகோதரிகள் வளாகத்தில் அவர் கண்ணில் பட்டார்கள்; நல்ல உடல்திறன் தெரிந்தது. கூட்டிவந்து கற்றுக்கொடுத்தார். 2002-இல் மறுபடி ஆடத் தொடங்கிய அணி 2005-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது! 2009 வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து பட்டம். பிறகு 2011, 2012, 2023. மொத்தம் எட்டு. ஆசிரியை வாங்கிய எட்டை மாணவியும் எட்டிவிட்டார்.

இன்னொருவர் கேத்தி ரீஸ். மேரிலாண்டில் கெல்லியோடு சேர்ந்து ஆடியவர். டிம்ச்சல் விட்டுப்போன நாற்காலியில் 2007-இல் உட்கார்ந்தவர் இவர்தான். ஐந்து பட்டங்கள் வாங்கினார். 2010 இறுதி ஆட்டத்தில் ரீஸின் மேரிலாண்ட் கெல்லியின் நார்த்வெஸ்டர்னை 13-11 என்று வென்றது. அடுத்த ஆண்டு இறுதியில் கெல்லி 8-7 என்று திருப்பிக் கொடுத்தார். ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேர் மாற்றி மாற்றி முதல் ரேங்க் வாங்கியது போல.

மூன்றாமவர் அகேஷியா வாக்கர்-வைன்ஸ்டைன். அவரும் மேரிலாண்டில் டிம்ச்சலிடம் ஆடியவர். பாஸ்டன் காலேஜ் அணியின் பயிற்சியாளராகி 2017, 2018, 2019 என்று மூன்று இறுதி ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றார். மூன்றாவது தோல்வியோடு சோர்ந்து உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2021-இல் வென்றார். 2024 இறுதியில் கெல்லியின் அணியிடம் ஆரம்பத்திலேயே 0-6 என்று பின்தங்கி, கடைசியில் 14-13 என்று ஜெயித்தார்.

கணக்கு டீச்சர் இல்லையா, கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2005 முதல் 2024 வரை, கொரோனாவால் நின்றுபோன 2020 நீங்கலாக, 19 முறை தேசியப் பட்டம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் 15 முறை வென்ற அணியின் பயிற்சியாளர் டிம்ச்சலின் மாணவி. டிம்ச்சலுக்கு அந்த 19-இல் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? 'ரிசல்ட் எத்தனை சதவீதம்' என்று மட்டும் பார்ப்பவர் 'பாவம், 2001-க்குப் பிறகு ஒன்றுமே வாங்கவில்லை' என்பார். நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். அவர் பெயரில் எட்டு, அவர் கைபட்டவர்கள் பெயரில் பதினைந்து.

2017 மே மாதம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் பக்கம் ஃபாக்ஸ்பரோவில் அரையிறுதி. கடற்படைக் கல்லூரி அதற்கு முந்தைய ஆண்டின் சாம்பியனான வட கரோலினாவைத் தோற்கடித்து அங்கே வந்திருந்தது. அமெரிக்க ராணுவக் கல்லூரிகளில் எதிலிருந்தும், எந்த விளையாட்டிலும், ஒரு பெண்கள் அணி முதல் டிவிஷன் அரையிறுதிக்கு வந்தது அதுவே முதல்முறை. எதிரே பாஸ்டன் காலேஜ், பயிற்சியாளர் அகேஷியா. இன்னொரு அரையிறுதியில் ரீஸின் மேரிலாண்டும் பென் ஸ்டேட்டும். பென் ஸ்டேட் பயிற்சியாளர் மிஸ்ஸி டோஹர்ட்டியும் மேரிலாண்டில் டிம்ச்சலிடம் ஆடியவர்தான். நான்கு அணிகள். ஒன்றுக்கு ஆசிரியை, மற்ற மூன்றுக்கும் அவருடைய மாணவிகள்!

கடற்படை அணி 15-16 என்று ஒரே ஒரு கோலில் தோற்றது. ஆசிரியையைத் தோற்கடித்த மாணவி இறுதியில் இன்னொரு மாணவியிடம் தோற்றார். அன்று யார் ஜெயித்திருந்தாலும் அது டிம்ச்சல் வீட்டுக் கோப்பைதான்.

எதிர்வாதமும் இருக்கிறது. "டீச்சர், அவங்களுக்கு மைதானம் இருக்கு, பணம் இருக்கு. நம்ம ஊரோட ஒப்பிடலாமா?" நியாயமான கேள்வி. கல்வியில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அங்கே 1972-இல் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்கு இடமும் காசும் பெருகின. டிம்ச்சல் வருமுன்பே மேரிலாண்ட் 1986-இல் ஒரு பட்டம் வாங்கிய அணி. கேரி கெய்ட் என்ற பெரிய ஆட்டக்காரர் அவருக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தார். ஆகவே எல்லாம் ஒரு பெண்மணியின் மந்திரம் என்று நான் சொல்லவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று இருப்பவரும் அல்ல அவர். 500 வெற்றி சும்மா வராது. ஆனால் மைதானமும் பணமும் கோப்பையைத்தான் கொடுக்கும். மூன்று நான்கு பயிற்சியாளர்களை உருவாக்கிக் கொடுக்காது. அது சொல்லிக்கொடுத்தவரின் கைவண்ணம்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இன்று ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. அவள் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். காலை ஆறு மணிக்கே பிள்ளைகளை வரச்சொல்லி, தன் கைக்காசில் வாழைப்பழமும் முட்டையும் வாங்கிக்கொடுத்துக் கபடி சொல்லிக்கொடுத்தாள். நன்றாக ஆடிய மூன்று பிள்ளைகளை வீட்டில் பேசிச் சம்மதிக்க வைத்து, விளையாட்டு விடுதி இருக்கும் வேறொரு பள்ளிக்கு அனுப்பினாள். இந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் அந்தப் பிள்ளைகளின் அணியே இவள் அணியைத் தோற்கடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் கேலி. "சொந்தக் காசுல எதிரிய வளத்தியாம்மா?" என்று சக ஆசிரியர் ஒருவரே கேட்டிருக்கிறார். "இனிமே யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன் டீச்சர்" என்று போனில் அழுதாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அனுப்பம்மா. அந்தப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் நல்ல மைதானமும் அங்கே கிடைக்கும் என்றால் அனுப்பத்தான் வேண்டும். நம் பள்ளிக் கோப்பைக்காக ஒரு பிள்ளையைப் பிடித்து வைப்பது ஆசிரியர் வேலை இல்லை. ஆட்டம் முடிந்ததும் அந்த மூவரும் ஓடிவந்து காலைத் தொட்டார்களாம். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னது அது. அதை ஏனம்மா கடைசியில் சொன்னாய் என்று கேட்டேன்.

ஆனால் அவள் மட்டும் பெருந்தன்மையாக இருந்தால் போதாது. தலைமையாசிரியர்களாக இருக்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் பள்ளி அலமாரியில் இருக்கும் கோப்பைகளை எண்ணுங்கள், தவறில்லை. கூடவே, உங்கள் உடற்கல்வி ஆசிரியர் அனுப்பி வைத்த பிள்ளைகள் எங்கெங்கே ஆடுகிறார்கள் என்றும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆண்டு விழாவில் அந்தப் பெயர்களையும் வாசியுங்கள். பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

உறவுகளுக்கு ஒன்று. வீட்டில் ஒரு பெண் "நான் பி.பி.எட். படிக்கிறேன்" என்றால், "விசில் ஊதற வேலையா?" என்று முகம் சுளிக்காதீர்கள். டிம்ச்சல் செய்ததும் அந்த வேலைதான்.

பிள்ளைகளே, உங்களில் பலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். நான் டிப்ளமா ஆசிரியை. உங்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறீர்கள். நான் திணறும் கணக்கை நீங்கள் நிமிடத்தில் போடுகிறீர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, பெருமைதான். நீங்களும் யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுங்கள். அவர்கள் உங்களைத் தாண்டிப் போகும்போது கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுங்கள்.

உங்களை விளையாட வைத்த பி.டி. சார், பி.டி. டீச்சர் பெயரைக் கீழே எழுதுங்களேன். உயிரோடு இருப்பவர் என்றால் இன்றே ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்