உண்மை சொன்ன விமானியின் கதி

ஆகாய விமானம் ஓட்டுகிறவருக்கு இரண்டு பத்திரங்கள் வேண்டும். ஓட்டத் தெரிந்தவர் என்பதற்கான லைசென்ஸ் ஒன்று. ஓட்டத் தகுந்த தேகஸ்திதி உடையவர் என்று வைத்தியர் தரும் அத்தாட்சி மற்றொன்று. முன்னது கற்ற வித்தைக்குச் சாட்சி. பின்னதோ நீர்க்குமிழி. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் கம்பெனியில் தலைமை விமானியாக இருக்கும் அமெரிக்கருக்கு, நாற்பது வயது வரையில் ஆண்டுக்கு ஒரு முறையும், நாற்பதைத் தாண்டிய பின் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் அந்த அத்தாட்சி காலாவதியாகிறது. வக்கீலுக்கு இரத்தக் கொதிப்பு என்றால் அவருடைய சன்னது பறிபோவதில்லை. மந்திரிக்கு மனச்சோர்வு என்றால் மந்திரிசபை கலைவதில்லை. விமானிக்கு மாத்திரமே ஜீவனம் முழுவதும் ஆறு மாதத்துக்கொரு தரம் வைத்தியரின் மேஜைமீது வைக்கப்படுகிறது.

இந்தப் பரீட்சை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. முந்நூறு உயிர்களைச் சுமந்துகொண்டு முப்பதாயிரம் அடி உயரத்தில் செல்கிறவருக்கு வலிப்பு வருமா, மார்பு அடைக்குமா என்று முன்கூட்டி அறிவது சர்க்காரின் கடமை. கேள்வி வேறு. பரீட்சையில் தவறிய விமானி என்ன ஆகிறார்? மீண்டும் ஏற வழி உண்டா? உண்டென்றால், அது உரிமையா, தயவா? ஏறும் வரையில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? இவை விமானிகளின் குடும்ப விவகாரமே என்று எண்ணுவோர், கீழே சொல்லப்போகும் சங்கதிகளைச் சற்றுப் பொறுமையோடு கவனிக்க வேண்டுகிறோம்.

அமெரிக்க விதிகளில் பதினைந்து வியாதிகள் பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கின்றன. மாரடைப்பு, வலிப்பு, சித்தப்பிரமை, மருந்தால் அடக்கவேண்டிய நீரிழிவு, குடிக்கு அடிமைப்படுதல் முதலியன அவற்றுள் சேர்ந்தவை. இவற்றில் ஒன்று உண்டென்றால் சாதாரண அத்தாட்சி கிடையாது. ஆனால் கதவு முற்றும் அடைபட்டதன்று. விமானப் போக்குவரத்து இலாகாவின் தலைமை வைத்தியர், தக்க பரிசோதனைகளின் பேரில், ‘விசேஷ அனுமதி’ அளிக்கலாம். இருதயத்தில் அறுவை செய்துகொண்டவர்களும் அவ்வனுமதியின் பேரில் இன்று விமானம் ஓட்டுகிறார்கள். 2019-ல், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் விமானிகளுக்கும் பிரயாணி விமானங்களை ஓட்ட அவ்வழி திறந்துவிடப்பட்டது. வைத்திய சாஸ்திரம் முன்னேற முன்னேற விதி தளர்வது நியாயமே.

சங்கடம் நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர்ப் பரீட்சை வைத்தியருக்குச் சந்தேகம் தோன்றினால், அவர் இல்லை என்று மறுக்கவும் வேண்டாம். ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டால் போதும். கட்டு ஓக்லஹோமா நகரத்திலுள்ள காரியாலயத்துக்குப் போகிறது. அங்கிருந்து இன்ன பரிசோதனை வேண்டும், இன்ன வைத்தியரின் அறிக்கை வேண்டும் என்று கடிதம் வருகிறது. அதற்குப் பதில் அனுப்பினால் மற்றொரு கடிதம். விமானிக்கு மாதங்கள் கழிகின்றன; காரியாலயத்துக்குக் காகிதம் கூடுகிறது. பரீட்சை வைத்தியர் மறுத்தால் முப்பது நாளுக்குள் தலைமை வைத்தியரிடம் முறையிடலாம். முடிவாக மறுக்கப்பட்டால் அறுபது நாளுக்குள் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு போர்டுக்கு அப்பீல் உண்டு. ஆனால் அந்த போர்டோ, விலக்கப்பட்ட வியாதி விமானிக்கு உண்டா, இல்லையா என்பதைத்தான் தீர்மானிக்கும். விசேஷ அனுமதி கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை. வியாதி உண்டு, ஆனால் குணமாகிவிட்டது என்பவருக்கு நியாயஸ்தலம் ஏது? ஒரு அதிகாரியின் இஷ்டமே அவருக்கு நியாயஸ்தலம். உரிமையாகக் கேட்கத் தக்கதைத் தயவாக மாற்றிவிட்டால் என்ன விளையும் என்பதை நம் நாட்டாருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை.

வைத்தியர் வாக்கே வேதவாக்கு என்பாருக்குச் சரித்திரம் சில பதில்களை வைத்திருக்கிறது. அமெரிக்கா ஆகாயத்துக்கு அப்பால் அனுப்ப 1959-ல் தேர்ந்தெடுத்த எழுவரில் டீக் ஸ்லேட்டன் ஒருவர். இருதயத் துடிப்பில் ஒழுங்கில்லை என்று 1962-ல் அவரை இறக்கிவிட்டார்கள். உடன் தேர்ந்தவர்கள் அனைவரும் மேலே சென்று மீள, அவர் தரையிலிருந்துகொண்டு மற்றவர்களுக்கு முறை வகுத்துக் கொடுத்தார். பத்து வருஷங்களுக்குப் பிறகு, 1972-ல், தகுதியுள்ளவரே என்று அறிவிக்கப்பட்டார். 1975-ல், ஐம்பத்தொன்றாம் வயதில், ரஷ்யர்களின் கலத்தோடு ஆகாயத்தில் இணைந்த அமெரிக்கக் கலத்தில் சென்று திரும்பினார்.

பாப் ஹூவர் கதை இதைவிட விசித்திரம். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, அவர்களுடைய விமானம் ஒன்றிலேயே ஏறித் தப்பியவர் அவர். 1992-ல், எழுபது வயதில், ஓக்லஹோமாவில் விமான வித்தைகள் காட்டினார். அவருடைய கை முன்போல் இல்லை என்று இலாகாவின் இன்ஸ்பெக்டர்கள் இருவர் எழுதினார்கள். பரிசோதனைகள் தொடர்ந்தன, அத்தாட்சி பறிக்கப்பட்டது. வேறு வைத்தியர்கள் குறையில்லை என்றார்கள், எடுபடவில்லை. ஆஸ்திரேலியா அதே மனிதரைத் தகுதியுள்ளவர் என்று ஏற்றுக்கொண்டது! மூளையும் கண்ணும் பஸிபிக் மகா சமுத்திரத்தைக் கடந்தவுடன் குணமாகிவிட்டனவோ, என்னவோ! 1995-ல் அமெரிக்காவும் அத்தாட்சியைத் திருப்பிக் கொடுத்தது. அவசர உத்தரவால் லைசென்ஸ் பறிக்கப்பட்டவர், அவசரம் மெய்தானா என்று பாதுகாப்பு போர்டின் முன் கேட்கலாம் என்ற திருத்தம் 2000-ல் சட்டமாயிற்று. அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஸ்லேட்டனும் ஹூவரும் புகழ் பெற்றவர்கள். அவர்களுக்கே பத்து வருஷமும் மூன்று வருஷமும் ஆயிற்றென்றால், பெயரில்லாத விமானி எத்தனை நாள் தாங்குவார்?

ஆகவே அவர் வேறொரு யுக்தி கற்கிறார். அதைக் கற்பிப்பதும் விதியே. பிழைப்புக்காக அன்றிச் சொந்த விமானம் ஓட்டுவோருக்கு 2017 முதல் ஒரு சலுகை உண்டு. இலாகாவின் வைத்தியரிடம் போகாமல், சாதாரண வைத்தியர் ஒருவரிடம் பரிசோதித்துக்கொண்டு சிறு விமானங்களை ஓட்டலாம். 2006 ஜூலைக்குப் பின் எப்போதாவது அத்தாட்சி பெற்றிருந்தால் போதும். அது காலாவதியாகிப் பல வருஷங்கள் ஆகியிருந்தாலும் குற்றமில்லை. ஆனால் கடைசியாகச் செய்த விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கக் கூடாது. இதன் தாத்பரியம் என்ன? உடலில் ஏதோ கோளாறு என்று ஐயுற்றவர், அதைச் சொல்லிப் பரீட்சைக்குப் போய்த் தவறினால், சலுகை இல்லை. அதே கோளாறோடு பரீட்சைப் பக்கமே தலைகாட்டாமல் அத்தாட்சியைக் காலாவதியாக விட்டவருக்கு அக்கதவு அடைபடவில்லை. சில பெரிய வியாதிகளுக்கு இதிலும் தனி அனுமதி வேண்டுமென்பது வாஸ்தவம். ஆயினும் யோக்கியமாக உள்ளே நுழைந்து தோற்றவரைவிட, வாசலிலேயே திரும்பிப் போனவர் மேலான நிலையில் இருக்கிறார். ‘சந்தேகமிருந்தால் பரீட்சைக்குப் போகாதே’ என்று விமானிகள் ஒருவருக்கொருவர் புத்தி சொல்வதில் வியப்பென்ன?

பலன் கண்முன் நிற்கிறது. 2022-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் 3,765 விமானிகளைக் கேட்டார்கள். அவர்களில் 56.1 சதவிகிதம் பேர், அத்தாட்சி போய்விடுமோ என்ற பயத்தால் வைத்தியத்தை ஏதோ ஒரு விதத்தில் தவிர்த்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். 2023-ல் மற்றொரு சேதி வெளிவந்தது: முன்னாள் போர்வீரர்களாகிய விமானிகள் சுமார் 5,000 பேர், ஊனத்துக்காகச் சர்க்காரிடம் உதவித்தொகை பெற்றுக்கொண்டே, அவ்வூனத்தை விமான இலாகாவிடம் மறைத்தனரோ என்று விசாரணை நடந்தது. ஒரு இலாகாவிடம் சொன்னால் சோறு கிடைக்கிறது. மற்றொரு இலாகாவிடம் சொன்னால் சோறு போய்விடுகிறது. பொய் பொய்தான், அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே பொய்யைச் சொல்லும்போது, அதைச் சொல்லவைக்கும் விதியையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், அது அற்பமானதன்று. “தவறியவரைத் திரும்ப ஏற்றிய பலனை 2015-ல் பார்க்கவில்லையா?” என்பார்கள். அவ்வருஷம் மார்ச் 24-ந் தேதி, பார்ஸலோனாவிலிருந்து டூஸல்டார்புக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானி ஆல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதவிட்டார். 150 பேர் மாண்டனர். அந்தத் துணை விமானி பரீட்சையில் தவறி மீண்டவரேதான். மனச்சோர்வு காரணமாக 2009 ஏப்ரலில் அவருடைய அத்தாட்சி நீடிக்கப்படவில்லை. ஜூலையில் திரும்பக் கிடைத்தது. ஆனால் எப்படிக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். வியாதி மீண்டும் தலைகாட்டினால் இப்பத்திரம் செல்லாது என்ற ஷரத்தோடு கிடைத்தது. பயிற்சிக்காக அவர் வாங்கிய கடன் சுமார் 41,000 யூரோ. அத்தாட்சி போனால் வருமானத்தை ஈடுசெய்யும் இன்ஷியூரன்ஸ் அவருக்கு இல்லை. தம் பத்திரத்திலிருந்த ஷரத்தே அவ்வின்ஷியூரன்ஸ் பெறத் தடையாக இருக்கிறதென்று 2014 டிசம்பரில் அவரே எழுதியிருக்கிறார். அதே மாதத்தில் வியாதி திரும்பிற்று. வைத்தியர் ஒருவர் மாறி ஒருவராகப் பலரிடம் போனார். மனோவியாதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று விபத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அந்த வைத்தியர்களில் ஒருவரும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லை. நோயாளியின் ரகசியத்தை எப்போது மீறலாம் என்பதற்குத் தெளிவான வழிகாட்டி ஜெர்மனியில் இல்லாமையும், பறக்கும் தகுதி போய்விடும் என்ற பயமும், பண நஷ்டமும் இந்த மௌனத்துக்குக் காரணங்களாயிருக்கக் கூடும் என்று விசாரணை செய்த பிரெஞ்சு அதிகாரிகள் 2016-ல் எழுதினார்கள்.

அவர் செய்தது கொலை, அதில் விவாதமில்லை. ஆனால் அவரைத் திரும்ப ஏற்றியது தவறு என்று மாத்திரம் கூறி முடிப்பவர்கள், அந்த அறிக்கையைப் பாதி படித்தவர்கள். ஏற்றினார்கள், ஏற்றிய பின் கவனிக்கவில்லை. 2010 முதல் 2014 வரை ஆண்டுதோறும் அத்தாட்சி புதுப்பிக்கப்பட்டது. ‘மறுபடி நோய் வந்தால் உன் பிழைப்பு போயிற்று’ என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி நோய் வந்தால் அவரே வந்து சொல்வார் என்று எதிர்பார்த்தார்கள்!

திரும்ப ஏற்றுவதையும் கவனிப்பதையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவிலேயே அத்தாட்சி உண்டு. குடிப்பழக்கமுள்ள விமானியை அடையாளம் கண்டு, சிகிச்சை செய்து, பல வருஷம் கண்காணித்து, வேலையில் திரும்ப அமர்த்தும் ஏற்பாடு ஒன்றை 1974-ல் விமானிகள் சங்கம் முன்னின்று ஆரம்பித்தது; கம்பெனிகளும் சர்க்காரும் அதில் சேர்ந்தன. சக விமானிகளே அதில் காவலும் துணையும். ஆயிரக்கணக்கானவர்கள் அவ்வழியே மீண்டிருக்கிறார்கள். 1990-ல் குடிமயக்கத்தோடு பிரயாணி விமானத்தை ஓட்டிச் சிறை சென்ற ஒரு தலைமை விமானிகூட, பிறகு அதே கம்பெனியில் விமானியாகி, தலைமை விமானியாகவே ஓய்வு பெற்றார்.

குடிகாரருக்கு 1974-ல் திறந்த வழி, துக்கத்துக்கு மருந்து சாப்பிட்டவருக்கு எப்போது திறந்தது? 2010-ல். இடைப்பட்ட முப்பத்தாறு வருஷமும், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் விமானி, மருந்தை நிறுத்தினாலன்றி ஓட்ட முடியாது. குணப்படுத்தும் மருந்தை நிறுத்து, அல்லது ஒளித்துச் சாப்பிடு: சட்டம் வைத்திருந்த இரண்டு வழிகள் இவைதாம். 2010-ல் நான்கு மருந்துகளுக்கு அனுமதி பிறந்தபோது, இதுகாறும் மறைத்தவர்கள் ஆறு மாதத்துக்குள் வெளியே சொன்னால் நடவடிக்கை இல்லை என்றும் இலாகா அறிவித்தது. மறைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பது இலாகாவுக்கே தெரிந்திருந்தது. 2024-ல், மனோநிலை சம்பந்தமாக இலாகாவே நியமித்த கமிட்டி 24 சிபார்சுகளைக் கொடுத்திருக்கிறது. தண்டனைப் பயமின்றிச் சொல்ல வழி செய்வதே அவற்றின் சாரம். ஐரோப்பாவில், சக விமானிகள் துணை நிற்கும் ஏற்பாடு ஒவ்வொரு விமானக் கம்பெனியிலும் இருக்க வேண்டுமென்பது 2021 பிப்ரவரி முதல் கட்டாய விதி.

நம் நாட்டுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் மாண்ட நான்காம் நாள், அக்கம்பெனியின் விமானிகள் 112 பேர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். தலைமை விமானிகள் 51 பேர், துணை விமானிகள் 61 பேர் என்று பார்லிமெண்டில் மந்திரியே கணக்குச் சொன்னார். அவர்களை எண்ணியாயிற்று. அவர்களில் ஒருவர், “எனக்கு உறக்கம் வருவதில்லை, மனம் நிலைகொள்ளவில்லை” என்று இலாகாவின் வைத்தியரிடம் உள்ளபடி சொன்னால், எத்தனை நாளில் அவருக்குப் பதில் கிடைக்கும்? மறுத்தால் காரணம் எழுதிக் கொடுப்பார்களா? வைத்தியரல்லாத ஒரு நியாயாதிபதியின் முன் அவர் அதை எதிர்த்துப் பேசலாமா? சிகிச்சை முடியும் வரையில் கம்பெனி அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கும்? பார்லிமெண்டின் அடுத்த கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் இந்த நான்கையும் மந்திரியிடம் கேட்கட்டும்.