பெரம்பலூரில் கேட்பார், அரியலூரில் கேளார்!

தோழா!

அரியலூரில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் பெரம்பலூர். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையின் தூசும். இங்கே சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். 1995-ஆம் ஆண்டு திருச்சி மாவட்டத்தினின்று ஒன்றாகப் பிரிந்து வந்த உடன்பிறந்தார் இவர்கள். 2007-ஆம் ஆண்டு தனிக்குடித்தனம் போனார்கள். குடித்தனம் தனியாயினும் குணம் தனியாகிவிடவில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியை அரியலூர்க்காரரும் கும்பிடுகிறார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவை நாடிப் பெரம்பலூர்த் தாய்மாரும் நடக்கிறார்கள். லெப்பைக்குடிக்காட்டுப் பள்ளிவாசலின் பாங்கொலி எவரையும் துயிலெழுப்பத் தயங்குவதில்லை.

இப்படி ஒன்றிக் கலந்து கிடக்கும் மண்ணிலே ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கோடு! அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் வேட்பாளரைப் பார்த்துச் சட்டம் கேட்கிறது: "உன் மதம் எது?" மறுபக்கம் அதே சட்டம் வாய்மூடி நிற்கிறது.

கேள், தோழா! பெரம்பலூர்ச் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி. அரியலூர்ச் சட்டமன்றத் தொகுதி பொதுத்தொகுதி. ஆகவே அரியலூரில் இந்து நிற்கலாம், கிறித்தவர் நிற்கலாம், இசுலாமியர் நிற்கலாம், எம்மதமும் வேண்டேன் என்பாரும் நிற்கலாம். பெரம்பலூரில் அவ்வாறன்று, மதத்தைக் கேட்டுவிட்டுத்தான் கதவு திறக்கும். சரி, இதுதான் ஊர்களின் தலையெழுத்து என்று எண்ணிவிடாதே! நாடாளுமன்றத் தேர்தல் வந்தால் எல்லாம் தலைகீழ்! பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி 2009 முதல் பொதுத்தொகுதி. அரியலூர் அடங்கிய சிதம்பரமோ தனித்தொகுதி. ஒரே மனிதர், ஒரே தெரு, ஒரே வாக்குச்சாவடி. ஒரு தேர்தலில் கேட்காத கேள்வியை அடுத்த தேர்தலில் கேட்கிறார்கள்.

பெரம்பலூரின் கதையையே பாரேன். 1962-ஆம் ஆண்டு இரா. செழியன் இங்கிருந்து நாடாளுமன்றம் சென்றபோது அது பொதுத்தொகுதி. 1996, 1999, 2004 ஆகிய தேர்தல்களில் இம்மண்ணின் மைந்தர் ஆ. இராசா வென்றபோது அது தனித்தொகுதி. இப்போது மீண்டும் பொது. தொகுதி வரையறைக் குழுவின் பேனா நகர்ந்தது. அத்தோடு கேள்வியும் நகர்ந்தது. மக்களின் பக்தி கூடவுமில்லை, குறையவுமில்லை!

எங்கிருந்து வந்தது இந்தக் கேள்வி? 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தியிலிருந்து. இந்து மதமன்றி வேறொரு மதத்தை வெளிப்படையாகக் கைக்கொள்பவர் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்பது அதன் சாரம். 1956-இல் சீக்கியருக்குக் கதவு முழுதும் திறந்தது. 1990-இல் பௌத்தருக்குத் திறந்தது. கிறித்தவரான ஆதிதிராவிடருக்கும் இசுலாமியரான ஆதிதிராவிடருக்கும் திறக்கவேயில்லை.

அம்மட்டோ? பெரம்பலூரிலிருந்து மேற்கே நிமிர்ந்து பச்சைமலையைப் பார். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடித் தோழர் நாளையே ஏசுவைத் தொழுதாலும் அவர் பழங்குடிதான். ஏற்காட்டிலோ சேந்தமங்கலத்திலோ, பழங்குடியினருக்குரிய அவ்விரு தனித்தொகுதிகளில், அவர் தாராளமாக நிற்கலாம். பழங்குடியினர் ஆணையிலே மத விலக்கு கிடையாது. மலையை விட்டு இறங்கியதும் சட்டம் முகத்தை மாற்றிக்கொள்கிறது. அடிவாரத்துச் சேரியில் பிறந்தவர் ஞானத்தண்ணீர் தொட்டாரோ, தொகுதி கைநழுவிற்று!

ஒரு காட்சியை உன் மனத்திரையில் ஏற்றுகிறேன். நாடகம் எழுதிப் பழகிய கை, பொறுத்துக்கொள்! காட்சி கற்பனை, சட்டம் கற்பனையன்று. மேசைக்குப் பின்னே தேர்தல் அதிகாரி. முன்னே, ஆதிதிராவிடக் குடியில் பிறந்த வேட்பாளர்.

அதிகாரி: கடவுள் பெயரால் ஆணையிடுகிறீர்களா? உளமார உறுதி கூறுகிறீர்களா?

வேட்பாளர்: எது கட்டாயம், ஐயா?

அதிகாரி: எதுவும் கட்டாயமில்லை. அரசியல் சட்டம் அதை உங்கள் மனச்சான்றுக்கே விட்டிருக்கிறது.

வேட்பாளர்: அப்படியானால் கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன். நாள்தோறும் நான் தொழும் ஏசுபெருமான் பெயரால்!

அதிகாரி: ஐயா, மனுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இது தனித்தொகுதி.

அடுத்தவர் வருகிறார். அதே தெரு, முன்னவருக்குச் சிற்றப்பன் மகன். "எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது, ஐயா! உளமார உறுதி கூறுகிறேன்" என்கிறார். "நல்லது, கையொப்பமிடுங்கள்" என்கிறார் அதிகாரி.

சிரிப்பு வருகிறதா? அந்தச் சிரிப்போடு சிந்தனையையும் சேர்த்துக்கொள்! கடவுளே இல்லை என்பவர் உள்ளே போகலாம். ஏனெனில் அவர் வேறொரு மதத்தைக் கைக்கொள்ளவில்லை. கடவுளைக் கசிந்துருகித் தொழுபவர் வெளியே நிற்க வேண்டும்; ஏனெனில் அவர் கோவில் மாறித் தொழுகிறார். அப்படியானால் சட்டம் தேடுவது பக்தியையா? இல்லை, தோழா, இல்லை! பட்டியைத் தாண்டாமல் நிற்கிறானா என்று மட்டுமே அது பார்க்கிறது.

"நாத்திகனுக்கா வாக்கு? தெய்வநம்பிக்கை இல்லாதவனா சட்டமன்றம் போவது?" என்று மேடைதோறும் முழங்குவோரின் முகத்திரையும் இங்கேதான் கிழிகிறது. தெய்வநம்பிக்கைதான் அவர்தம் கவலை எனில், நம்பிக்கையுள்ள ஒருவர் வெளியே தள்ளப்படும்போது அவர்களன்றோ முதற்குரல் எழுப்பியிருக்க வேண்டும்? எழுப்பினரா? 2023 ஏப்ரல் 19 அன்று, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதித் தகுதி வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் இயற்றியபோது வெளிநடப்புச் செய்தது யார் என்பதை நாடறியும்.

1971-ஐ எண்ணிப் பார். அவ்வாண்டு தொடக்கத்தில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு ஊர்வலத்தைக் காட்டி, "இராமனை இழிவுபடுத்தியோருக்கா வாக்கு?" என்று ஊரெல்லாம் சுவரொட்டி, ஏடெல்லாம் எரிமலை! மூதறிஞர் இராசாசி எதிரணியில் நின்றார். 1967-இல் இதே கழகத்தோடு கைகோத்து நின்றவர் அவர். அப்போது கழகத்தாரின் பகுத்தறிவு அவருக்குத் தடையாகத் தோன்றவில்லை! முடிவு? 234 இடங்களில் கழகத்துக்கு 184. கோவிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்த கையாலேயே மக்கள் முத்திரை குத்தினார்கள். தன் நம்பிக்கை வேறு, தன் பிரதிநிதியின் வேலை வேறு என்பதைப் பட்டிக்காட்டுப் பாட்டி அறிந்திருந்தாள். பத்திரிகை ஆசிரியர்கள்தான் அறியவில்லை.

மதத்தைச் சோதிக்கும் வேலையை நீதிமன்றத்தின் தலையில் சுமத்தினால் என்ன நேரும்? தேவிகுளத்தைப் பார். கேரளத்துத் தேயிலைமலை, தோட்டத்திலே உழைக்கும் தமிழர், தனித்தொகுதி. 2021-இல் அங்கே வென்றவர் பொதுவுடைமைக் கட்சியின் (மார்க்சியம்) அ. ராஜா. பெயரைக் கண்டு நம் பெரம்பலூரார் என மயங்காதே, இவர் வேறு! தமிழில் உறுதிமொழி எடுத்தார். அவருக்குத் தரப்பட்ட தமிழ் வாசகத்திலே 'கடவுள் பெயரால்' என்பதும் இல்லை, 'உளமார' என்பதும் இல்லை. பிழை மொழிபெயர்ப்பில், தண்டம் அவருக்கு! மறுபடியும் உறுதிமொழி எடுக்க வைத்தார்கள்.

அதைவிடப் பெரிய சோதனை பின்னால் வந்தது. அவர் கிறித்தவர், ஆகவே தேர்தல் செல்லாது என்று தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். திருச்சபையின் குடும்பப் பதிவேடு வந்தது. திருமுழுக்குப் பதிவேடு வந்தது. அடக்கப் பதிவேடு வந்தது. திருமணப் புகைப்படமும் நீதிமன்றம் ஏறிற்று! தேயிலைத் தொழிலாளியின் கூலி என்ன, ஒழுகும் லயத்துக்குக் கூரை எப்போது என்று கேட்டு வாக்களித்த மக்கள் ஒருபுறம். மணமக்கள் உடுத்த உடையைக் கொண்டு மதத்தை அளக்கும் வழக்கு மறுபுறம். 2023 மார்ச் 20 அன்று கேரள உயர்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2025 மே 6 அன்று உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. வென்றவருக்கு நீதி கிட்டியது, மகிழ்ச்சி. ஆயினும் ஒன்றைக் கவனி: கேள்வியே தவறு என்று அங்கே தீர்ப்பாகவில்லை. சான்று போதவில்லை என்றே தீர்ப்பாயிற்று. பதிவேடு திருத்தமாக இருந்திருந்தால்?

இது புதிய நோயுமன்று. 1956 அக்டோபரில் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார், இலட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். 1962-இல் மராட்டியத்தின் தனித்தொகுதி ஒன்றில் மேஷ்ராம் என்பார் வென்றார். அவர் பௌத்தராகிவிட்டவர், ஆகவே தேர்தல் செல்லாது என்றது உச்சநீதிமன்றம். அம்பேத்கர் காட்டிய வழியில் நடந்தவருக்கு, அம்பேத்கர் போராடிப் பெற்ற தொகுதியில் இடமில்லை! அக்கொடுமை தீர 1990 வரை காத்திருக்க நேர்ந்தது. கோலார் தங்கவயலில் இராசகோபால் என்பாருக்கு 1967 தேர்தல் வெற்றி கிறித்தவர் என்று சொல்லிப் பறிக்கப்பட்டது. 1972-இல் மீண்டும் வென்றபோது, அவர் இந்துவாகத் திரும்பிவிட்டார், சாதியாரும் ஏற்றுக்கொண்டனர் என்று 1975-இல் உச்சநீதிமன்றம் இடத்தை நிலைநிறுத்தியது. சுரங்கத்தின் இருளில் வேலை செய்த தமிழனுக்கு இரண்டு முறையும் அதே வாக்கு, அதே விரல். இடையில் மாறியது வேட்பாளரின் வழிபாடு மட்டுமே!

உலகமும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. 1880-இல் இங்கிலாந்தின் நார்த்தாம்டன் மக்கள் பிராட்லா என்னும் நாத்திகரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடவுள் ஆணை எடுக்கத் தகுதியற்றவர் என்று பாராளுமன்றம் கதவைச் சாத்திற்று. மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள், மீண்டும் சாத்திற்று. ஆறாண்டு மல்லாடி 1886-இல் அமர்ந்தார். 1888-இல், நம்பாதவர் உறுதி கூறினால் போதும் என்று சட்டமும் இயற்றச் செய்தார். நம் நாட்டின்பால் பரிவு கொண்டு 1889 பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தவரும் அவரே. அமெரிக்காவில் பதவிக்கு மதச்சோதனை கூடாதென்று அரசியல் சட்டமே சொல்லியிருந்தும், 1960-இல் கத்தோலிக்கரான கென்னடி ஹூஸ்டனில் பாதிரிமார் முன்னே நின்று தன் சமயத்துக்கு விளக்கம் சொல்லவேண்டி வந்தது. அங்கே கேட்டவர்கள் மனிதர்கள், சட்டம் கேட்கவில்லை. இங்கே சட்டமே கேட்கிறது! அதே சட்டம் மற்றொரு கையால், மதத்தின் பெயரால் வாக்குக் கேட்காதே என்றும் மிரட்டுகிறது. வேட்பாளரின் மதமாயினும் வாக்காளரின் மதமாயினும் அதைச் சொல்லி வாக்குக் கேட்பது முறைகேடு என்று 2017 சனவரி 2 அன்று எழுவர் ஆயத்தில் பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். நல்ல தீர்ப்பு. வாசலில் நிறுத்தி "மதம் எது?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போனதும் "மதம் பேசாதே!" என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

"தீண்டாமை இந்து சமூகத்தின் நோய், மதம் மாறியவருக்கு நோயேது, மருந்தேது?" என்று வாதாடுவோர் உண்டு. எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று, ஆராய வேண்டியதே. ஆராய்ந்தால் என்ன காண்கிறோம்? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்திலே செத்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர். எறையூரில் ஆதிதிராவிடக் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டு எழுந்த பூசல் 2008-இல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து இரண்டு உயிர் போயிற்று. மாதா கோவிலுக்குள்ளும் சாதி நுழைந்திருக்கிறது, தோழா! ஞானத்தண்ணீர் அதைக் கழுவவில்லை. நோய் கூடவே வந்திருக்கிறது. மருந்தை மட்டும் வாசலிலேயே பிடுங்கிக்கொண்டார்கள்.

"பொதுத்தொகுதியில் நிற்கட்டுமே!" என்பார்கள். நிற்கலாம். 2001 இடைத்தேர்தலில் திருச்சிப் பொதுத்தொகுதியில் தலித் எழில்மலை வென்றார். இப்படி விரல்விட்டு எண்ணலாம். எண்ணி முடித்தபின் விரல்கள் மிஞ்சும்! தனித்தொகுதியிலேயே நிலைமை என்ன? அரியலூர் மாவட்டத்து அங்கனூரில் பிறந்த தொல். திருமாவளவன் 2019-இல் சிதம்பரத்தில் வென்றது 3,219 வாக்குகளில். தலைவர் ஒருவருக்கே இந்த இழுபறி என்றால், பெயரறியாத தோழர் பொதுத்தொகுதியில் நின்று என்ன ஆவார்?

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். எதிர்க்கட்சி வேட்பாளர் பட்டை பட்டையாய்த் திருநீறு பூசி வருகிறார் என்று கைகொட்டிச் சிரிக்கிறார்கள் நம்மில் சிலர். அவர் நெற்றி அவருக்கு. மருதையாற்று மணல் எங்கே போயிற்று, சுரங்கப் பள்ளத்தின் ஓரத்திலே வீடு வைத்திருப்பவனுக்கு என்ன வழி, வெங்காயம் விலை சரிந்தபோது அவர் எங்கிருந்தார் என்று கேள். ஆயிரம் கேள்வி இருக்கிறது! நெற்றியைப் பற்றிக் கேட்டுவிட்டால், நாளை நம் வேட்பாளரின் கழுத்துச் சிலுவையைப் பற்றி அவர்கள் கேட்கும்போது நாக்கு எழாது நமக்கு.

மூன்றாம் பத்தியின் மத விலக்கை நீக்கலாம் என்று நீதியரசர் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ஆம் ஆண்டே பரிந்துரைத்தது. ஏற்கப்படவில்லை. 2022 அக்டோபரில் நீதியரசர் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம், ஈராண்டுத் தவணை, தவணைக்குமேல் தவணை. ஆகவே அடுத்த முறை துறைமங்கலத்திலோ செந்துறையிலோ தெருமுனைக் கூட்டம் போடும்போது, அந்த 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை எழுதி எடுத்துக்கொண்டு போ. நான்கு வரிதான். உரக்கப் படி. படித்துவிட்டு, கூட்டத்தில் நிற்கும் கிறித்தவ ஆதிதிராவிடத் தோழர் ஒருவரை மேடைக்கு அழைத்து, இந்த ஊரில் அவர் எந்தத் தேர்தலில் நிற்கலாம், எதில் நிற்கக்கூடாது என்று அவரையே சொல்லச் சொல்.